யாரோ தளர்த்திய பட்டி

தம்பி, தமிழ்தானே? ஃபோனில் கதைத்தது காதில் விழுந்தது. "றோட்டை மூடிப்போட்டாங்கள், அம்மாட்டைச் சொல்லாதையுங்கோ" என்றீர்கள். இந்த மலைக்குள் அந்தப் பேச்சைக் கேட்டால் என் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும். இதில் இருக்கலாம்தானே? கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மணிக்கட்டு. எலும்பு பொருந்தச் சுணங்குகிறதாம். அதைத்தான் அடுத்த ஊரில் படம் எடுத்துக் காட்டிவிட்டு வருகிறேன். பஸ்காரன் எல்லாரையும் இந்தக் கோப்பிக்கடை வாசலில் இறக்கிவிட்டான்.

வெளியில் நிற்கிற அந்த வெள்ளை லொறி உங்களுடையதா? பூட்டினீர்களா? போய்ப் பார்த்துவிட்டு வாருங்கோ, உங்கள் கோப்பியை நான் பார்த்துக்கொள்கிறேன். வேண்டாமா? சரி. பூட்டினோம் என்று நினைப்பது வேறு, பூட்டுவது வேறு. நான் அதைப் பட்டுத்தான் அறிந்தேன்.

இப்போதைக்குத் திறக்க மாட்டார்கள். இரண்டு நாளாகக் கொட்டிய பனி மேலே சரிவில் நிற்கிறது. பீரங்கியால் அடித்துத் தாங்களே அதை விழுத்திவிட்டுத்தான் வாகனங்களை விடுவார்கள். ஆ, கேட்டதா? நீங்களும் திடுக்கிட்டீர்கள். பரவாயில்லை, நான் இத்தனை வருசமாகத் திடுக்கிடுகிறேன். அங்கே பாருங்கோ, அந்த வெள்ளைக்காரன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவன் வளர்ந்த இடத்தில் அது பனிக்கு அடிக்கிற வெடி. நாங்கள் வளர்ந்த இடத்தில் வேறு.

எங்கள் ஊர் இந்தக் கணவாய்க்கு அப்பால் இருக்கிறது. சின்ன ஊர். தமிழர் நாலே பேர். நான், என் மனைவி யோகமலர், எமில், எமிலின் மனைவி பிலோமினா. நான் மர ஆலையில் வேலை. மலர் ஹொட்டலில் அறை துப்புரவு. எமில் ஸ்னோமொபைல் வாடகைக்குக் கொடுக்கிற கடையில் மெக்கானிக். அவனை இங்கே கூப்பிட்டதே நான்தான். "ரொறன்ரோவில நிலவறையில கிடக்காமல் இஞ்ச வா, காத்து நல்லம்" என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவ்வப்போது நினைவுபடுத்துவேன், அவ்வளவுதான்.

இந்த எமில்தான் என் மிசினில் கை வைத்தவன். என்னைக் கொல்லப் பார்த்தவன். ஓம், யோசித்துத்தான் சொல்கிறேன்.

ஸ்னோமொபைல் ஓடியிருக்கிறீர்களா? இல்லையா? அப்படியென்றால் இதை விளங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கதை பிடிபடாது. முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னுக்குப் புல்டோசருக்குச் சுற்றுகிற மாதிரி நீளமான ஒரு சங்கிலி, ஆனால் ரப்பரில். மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல ஏறி இருக்கவேண்டும். ஊரைச் சுற்றித் தடம் போட்டிருக்கிறார்கள். பனியை அழுத்தி அழுத்திக் கல்லுப் போல ஆக்கிய பாதை. அதில் ஓடுவதென்றால் முன் கட்டைகள் நிலத்தை நன்றாக அழுத்தவேண்டும். அழுத்தாவிட்டால் நீங்கள் ஹாண்டிலைத் திருப்புவீர்கள், மிசின் தன் பாட்டில் நேரே போகும். 

மலைக்குள் ஆழப் பனியில் எல்லாம் நேர்மாறு. அங்கே முன் கட்டையில் பாரம் இருந்தால் மூக்குக் குத்திவிடும். பின் சங்கிலி சுற்றிச் சுற்றித் தனக்குத்தானே குழி தோண்டும். பிறகு இடுப்பளவு பனிக்குள் நின்று மிசினைத் தோண்டி எடுக்கவேண்டியதுதான். அதனால் அங்கே மூக்கை எழும்ப விடவேண்டும்.

மூக்கு எழும்புவதா இல்லையா என்று தீர்மானிப்பது உள்ளே இருக்கிற ஒரு பட்டி. காரில் சீற் பெல்ற் இருக்கிறதே, அந்தத் துணி மாதிரி, உள்ளங்கை நீளம், வரிசையாக ஓட்டைகள். இறுக்கிப் பூட்டினால் மூக்குக் கீழே. தளர்த்திப் பூட்டினால் மூக்கு மேலே. அதோடு ஸ்பிரிங்குகள். அவை ஏறி இருக்கிற ஆளின் நிறைக்கு. நான் கனமான ஆள், பார்த்தாலே தெரியும். பின் ஸ்பிரிங்கை நன்றாக இறுக்கித்தான் வைத்திருப்பேன். ஏறி இருந்தால் மிசின் கொஞ்சம் அமரவேண்டும், கூட அமரக்கூடாது. இதெல்லாம் எமில் சொல்லித் தந்ததுதான், மறைக்கவில்லை. திருடன்தான் பூட்டைப் பற்றி நன்றாகச் சொல்லித் தருவான்.

என் பட்டி எப்போதும் இறுக்கம். தடத்தைத் தவிர நான் எங்கேயும் ஓடுவதில்லை. மலைக்குள் போவதற்குப் பயமென்று நினைக்க வேண்டாம். மூளை உள்ளவன் போகமாட்டான், அதுதான் காரணம்.

முதல் வருசம் மலரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். தடம் முடிகிற இடத்தில் நிறுத்தினோம். மேலே சரிவில் நாலைந்து பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பனியைக் கிழித்துக்கொண்டு, தூள் பறக்க. மலர் ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒருக்கா நானும் ஓடிப் பாக்கட்டே?" என்றாள். "முதல்ல நீ கார் ஓடப் பழகு" என்றேன். சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் மலரின் குணம். ஒரு தடவை சொன்னால் விளங்கிக்கொள்வாள்.

இந்த வருசம் முதற்பனி விழுந்த கையோடு தொடங்கியது. கொட்டிலுக்குள் மிசினை மூடுகிற படங்கை நான் ஒரு மாதிரித்தான் போடுவேன், தையல் சுவர்ப் பக்கம் வரும்படி. ஒருநாள் பார்த்தால் தையல் வெளிப் பக்கம். அதுவும் என்னைவிட நேர்த்தியாக, மூலைக்கு மூலை பிடித்து, படுக்கை விரித்த மாதிரி. "மலர், கொட்டிலுக்குள்ள ஆரும் வந்தவையோ?" என்று கேட்டேன். "ஒருத்தரும் வரேல்லையே" என்றாள். அவள் பொய் சொல்ல மாட்டாள்.

அடுத்தது பெற்றோல், நான் ஓடாத நாளிலும் குறைந்திருந்தது. அடுத்தது மண்வெட்டி. மலர் மடிக்கிற மண்வெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தாள், வாசல் படியில் பனி தள்ள என்று. குழந்தைப் பிள்ளை விளையாடுகிற அளவு. "இதால எந்தப் படியடி தள்ளுறது?" என்று சிரித்தேன். பார்த்தால் அது மிசினின் பின் பைக்குள் இருக்கிறது. என் மிசின், என் பெற்றோல், என் மனைவி வாங்கிய மண்வெட்டி. எவ்வளவு துணிவு பாருங்கோ.

இல்லைத் தம்பி, பூட்டு உடைக்கப்படவில்லை. திறப்பு சமையலறைக் கொழுவியில்தான் தொங்கும். அதையும் யோசித்தேன். எமில் மெக்கானிக்தானே, ஒரு திறப்பு வெட்டுவது அவனுக்குப் பெரிய வேலையா?

மார்கழியில், நத்தாருக்கு முந்திய கிழமை வேலை முடிந்து ஒரு சுற்று ஓடலாம் என்று எடுத்தேன். ஏறி இருந்தபோதே பின்பக்கம் பொதுக்கென்று அமர்ந்தது. குளிருக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வளைவு. ஹாண்டிலைத் திருப்பினேன். முன் கட்டைகள் திரும்பின. மிசின் திரும்பவில்லை. நேரே மரத்துக்குள். விழும்போது கையை ஊன்றினேன்.

அந்த நோவோடும் குனிந்து உள்ளே பார்த்தேன் தம்பி. பட்டி கடைசி ஓட்டையில் நிற்கிறது. முழுக்கத் தளர்த்தி. பின் ஸ்பிரிங்கும் தளர்த்தியிருக்கிறது. மலைக்குப் போகிற ஒருவன், என்னைவிட எவ்வளவோ நிறை குறைந்த ஒருவன், தன் உடம்புக்கு அளந்து வைத்திருக்கிறான். 

இப்போது கேளுங்கோ. எமிலுக்குச் சீனி வருத்தம். போன கோடையில் இருந்து மெலிந்துகொண்டே வருகிறான். காற்சட்டை நிற்கவில்லை என்று பிலோமினா மலரிடம் சொல்லிக் கவலைப்பட்டாள். விளங்குகிறதா?

ஆஸ்பத்திரியில் மலர் இதைக் கேட்டுவிட்டு அழுத அழுகை இருக்கிறதே. "என்னாலதான், எல்லாம் என்னாலதான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெண்கள் அப்படித்தான். வீட்டில் எது நடந்தாலும் தங்கள் கிரகம் என்பார்கள். "உன்ர சாதகத்தில ஒண்டுமில்லை, சும்மா இரு" என்று நான் ஆறுதல் சொல்லவேண்டியதாகப் போய்விட்டது, கை உடைந்த நான். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியொரு கவனிப்பு. சோற்றைக் குழைத்துத் தருவாள். பக்கத்தில் இருப்பாள். "உங்களோட ஒண்டு கதைக்க வேணும்" என்பாள். "முதல்ல ஆளைப் பிடிப்பம், பிறகு எல்லாம் கதைப்பம்" என்பேன். போய்விடுவாள்.

எமிலும் வந்தான். ஆட்டுக்கால் சூப் கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை தம்பி. சட்டியை வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். குற்றம் செய்தவன் வேறு எதைப் பார்ப்பான்?

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் படங்கு அசையவில்லை. பதுங்கிவிட்டான்.

பொங்கலுக்கு அவர்கள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். வேதக்காரர்தான், ஆனாலும் நாலு பேரில் இரண்டு பேரை விட்டுவிட்டுப் பொங்கவா முடியும்? மலர் அடுப்படியில் துழாவிக்கொண்டு நின்றாள். நான் எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். 

"எமில், என்ர மிசினைத் தொட்டனியோ?"

"இல்லை அண்ணை."

"உன்ர பிள்ளையாரைத் தொட்டுச் சொல்லு."

"எனக்கு எங்காலை அண்ணை பிள்ளையார்?" 

"அப்ப உன்ர மாதாவைத் தொட்டுச் சொல்லு. நீ தொடாட்டில் ஆர் தொட்டது?"

அவன் என்ன சொல்லவேண்டும்? எனக்குத் தெரியாது என்று சொல்லவேண்டும். அதுதானே மனிதன் சொல்கிற பதில்? அவன், "சொல்லவேண்டிய ஆக்கள் சொல்லட்டும் அண்ணை" என்றான். சொல்லிவிட்டு மலரைப் பார்த்தான். அவளின் இரக்கத்தைப் பிடிக்கப் பார்க்கிறான்! மலர் திரும்பவே இல்லை. பிலோமினாதான், "பொங்கல் அடிப்பிடிக்குது, இறக்குங்கோ" என்றாள். 

"சாப்பிடாமல் வெளியில போ" என்றேன். போனான். வாசலில் நின்று, "அண்ணை, நீங்கள் நல்ல மனிசன், ஆனா உங்களோட ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேலாது" என்றான். நான் இப்போது உங்களோடு எவ்வளவு நேரமாகக் கதைக்கிறேன்? என்னோடு கதைக்க முடியாதாம்.

அன்றிலிருந்து பேச்சில்லை. ஃபோன்கூட இல்லை.

மலரின் உடம்பும் சரியில்லை. அதையும் நான்தான் பார்க்கவேண்டும். முகத்தில் ஒரு மாதிரி நிறமாற்றம். கண்ணைச் சுற்றி வெளிறி, கன்னமும் மூக்கும் கறுத்து, ஏதோ முகமூடியைக் கழற்றின மாதிரி. "ஹொட்டலில பாவிக்கிற தூள், அலேர்ஜி" என்கிறாள். தோள் இரண்டும் நோவென்று எண்ணெய் பூசுகிறாள். மெத்தை தூக்குகிற வேலைதானே. "மனேச்சருக்கு நான் எடுத்துக் கதைக்கட்டே?" என்றால், "ஐயோ வேண்டாம்" என்கிறாள். ஒரே ஆறுதல், டெப் என்று கூட வேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரி. லீவு நாளில் இரண்டு பேரும் தையல் பழகப் போவார்கள். போய்விட்டு வந்தால் மலர் பாட்டுக்கூட முணுமுணுப்பாள். இதுவரைக்கும் ஒரு கைக்குட்டை தைத்துக்கொண்டு வரவில்லை. பிடிபடச் சுணங்கும் அவளுக்கு.

சரி, விசயத்துக்கு வருகிறேன். மாசி பிறந்ததும் படங்கு மறுபடி மாறத் தொடங்கியது. எப்போது? நான் கை காட்டப் போகிற நாட்களில். நான் ஊரில் இல்லாத நாள் அவனுக்கு எப்படித் தெரியும்? பிலோமினா மலரிடம் கேட்டு அறிகிறாள், வேறென்ன. 

நான் ஒரு கமெரா வாங்கினேன். வேட்டைக்காரர் மரத்தில் கட்டுகிற கமெரா. ஏதாவது அசைந்தால் படம் எடுத்து ஃபோனுக்கு அனுப்பும். கொட்டில் கூரைக்குள் கட்டினேன். மலருக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் பிலோமினாவுக்குச் சொல்லிவிடுவாள்.

அதோடு நிறுத்தவில்லை. நேற்று மலர் வேலைக்குப் போன பிறகு கொட்டிலுக்குள் போய், இந்த இடக்கையால், பட்டியை முதல் ஓட்டைவரை இறுக்கினேன். எவ்வளவு இறுக்கலாமோ அவ்வளவு. ஆணிக்குப் பசை போட்டேன், இனி மலையில் நின்று கழற்ற முடியாது. முன் ஸ்பிரிங்குகளையும் மாற்றினேன். வெளியில் இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. கை உடைந்தவன் மிசினைத் தொடமாட்டான் என்றுதானே நினைப்பான், குனிந்து பார்க்கமாட்டான். தடத்தில் ஓடும்போது சோக்காக ஓடும். மலைக்குள் ஏறி, ஆழப் பனியில் காலை வைத்த உடனே மூக்கு உள்ளே போகும். அவன் முறுக்குவான், இன்னும் உள்ளே போகும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சாகமாட்டான் தம்பி. பனிக்குள் நின்று தோண்டட்டும் என்றுதான். வெறுங்கையால். மண்வெட்டியை நான் எடுத்துவிட்டேன். கள்ளனுக்கு என் மண்வெட்டி எதற்கு?

இன்று காலை பஸ் ஏறி இருந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, படம் வந்துவிட்டது. இந்தாருங்கோ. இது முதலாவது, படங்கை எடுக்கிறான். ஹெல்மெற் போட்டபடி வருகிறான், முகம் தெரியக்கூடாதாம். போட்டிருக்கிற ஜாக்கெற் என்னுடையது. என் பழைய நீல ஜாக்கெற். கை நீளம் காணாதென்று மடித்துவிட்டிருக்கிறான் பாருங்கோ, இல்லை, நீளம் கூடிப்போய் மடித்திருக்கிறான். எமில் கட்டை ஆள்தான். ஆனால் ஜாக்கெற் வீட்டு அலுமாரிக்குள் அல்லவா இருந்தது? அப்படியென்றால் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறான்!

இரண்டாவதைப் பாருங்கோ. இதுதான் முக்கியம். ஏறுவதற்கு முன் ஹாண்டிலைத் தொடுகிறான், தொட்ட கையைக் கண்ணில் ஒற்றுகிறான். ஹெல்மெற்றுக்கு மேலேயே ஒற்றுகிறான். எந்த வெள்ளைக்காரன் இப்படிச் செய்வான்? தமிழன் செய்கிற வேலை. ஊரில் தமிழர் நாலு பேர். நான் பஸ்ஸில். பிலோமினாவுக்கு முழங்கால் மடியாது. மலர் வீட்டில். மிச்சம் யார்? 

ஓம், எமில் வேதக்காரன், சிலுவைதான் போடுவான். நீங்களும் அதைப் பிடித்துவிட்டீர்கள். அப்ப ஏன் தொட்டுக் கும்பிடுகிறான்? யோசியுங்கோ. கமெராவைக் கண்டுவிட்டான். என்னைப்போல நடிக்கிறான். நான் வழக்கமாக ஏறும்போது அப்படித்தான் செய்வேன், மலருக்கும் அதே பழக்கம், காய்கறி வெட்டுகிற கத்தியைக்கூடப் புதிதென்றால் தொட்டுக் கும்பிடுவாள். எங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறான்.

மூன்றாவது, வெளிக்கிட்டுப் போகிறான். எழும்பி நின்று ஓடுகிறான் பாருங்கோ. ஓடத் தெரிந்தவன்தான், அதைச் சொல்லவேண்டும். இருந்து ஓடுகிறவன் நான், நின்று ஓடுகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் பொறாமைதான்.

மலரா? வீட்டில்தான். காலையில், "இண்டைக்குத் தையல் இல்லை, டெப்புக்குக் காய்ச்சல், நான் தனியத்தான்" என்றாள். படம் வந்த உடனே அவளுக்குத்தான் ஃபோன் எடுத்தேன், யன்னலால் எட்டிப் பார் என்று சொல்ல. எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருப்பாள். பிறகு இரண்டு மூன்று தரம் எடுத்தேன். நித்திரை கொள்கிறாளாக்கும். லீவு நாள்தானே.

என்ன? மலர் எவ்வளவு உயரமோ? இதென்ன கேள்வி? என் தோள் மட்டம். ஏன் கேட்கிறீர்கள்?

மெல்லிய ஆள்தான். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டேன்.

ஆ, மறுபடி அடிக்கிறார்கள். இந்த முறை பக்கத்தில். அது விழுகிற சத்தம் பிறகுதான் வரும், கேளுங்கோ. மெதுவாக, லொறி மண் கொட்டுகிற மாதிரி.

பொறுங்கோ. என் ஃபோன். பாருங்கோ தம்பி, பாருங்கோ, யார் என்று பாருங்கோ! எமில்! பொங்கலுக்குப் பிறகு முதல்முறையாக எடுக்கிறான். நான் சொன்னேனா இல்லையா? புதைந்துவிட்டான். பட்டியைப் பிடித்து இழுத்துப் பார்த்திருப்பான், அசைந்திருக்காது. மண்வெட்டியைத் தேடியிருப்பான்.

அடிக்கட்டும். இப்போதே எடுத்தால் மரியாதை இருக்காது. 

நின்றுவிட்டது. மறுபடி எடுப்பான் பாருங்கோ. சொன்னேனே, எடுக்கிறான். மூச்சு விட நேரமில்லாமல் எடுக்கிறான். என்ன தம்பி, ஏன் எழும்புகிறீர்கள்? றோட்டு இன்னும் திறக்கவில்லை. கையை எடுங்கோ, அது என் ஃபோன். என்னத்துக்கு இந்த அவசரம் உங்களுக்கு? உங்களுக்கு அவனைத் தெரியுமா?

சரி சரி, எடுக்கிறேன். கத்த வேண்டாம், ஆட்கள் பார்க்கிறார்கள். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைக்கிறேன், நீங்களும் கேளுங்கோ. 'அண்ணை, நான்தான் செய்தனான்' என்று அவன் வாயால் வரவேண்டும். நீங்கள்தான் சாட்சி. அவன் சொல்லி முடிக்குமட்டும் ஒன்றும் கதைக்கக்கூடாது, சரியா?

ம். சொல்லு, எமில்.